ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறி: நுகேகொடையில் அன்றும் இன்றும்

நுகேகொடைத் தமிழ் வீடுகளில் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் ஆட்டிறைச்சிக்கறிதான். இப்போது அது மாதத்தில் ஒரு ஞாயிறாகச் சுருங்கிவிட்டது. சில வீடுகளில் தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும்தான். கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய பிறகு ஞாயிற்றுக் கறியின் இடத்தைக் கோழி பிடித்துக்கொண்டது. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். இறைச்சி வாங்கும் கடை, நிறுக்கும் அளவு, வெட்டும் விதம், தூள், சட்டி, அடுப்பு என்று அந்தக் கறியைச் சுற்றியிருந்த எல்லாமே இரண்டு தலைமுறைக்குள் மாறிப்போயின. இவற்றில் போனால் போகட்டும் என்று விடக்கூடியவை எவை, விடவே கூடாதவை எவை என்று ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது.

யாழ்தேவியில் வந்த தூள்

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்க உத்தியோகம், வங்கி, பள்ளிக்கூடம் என்று கொழும்புக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தங்கின. கொட்டாஞ்சேனைப் பக்கம் வியாபாரக் குடும்பங்கள் கூடுதல். கொஞ்சம் முற்றமும் வேண்டும், வாடகையும் கட்டுப்படியாக வேண்டும் என்று நினைத்தவர்கள் ஹைலெவல் வீதி வழியே கிருலப்பனை, நுகேகொடை என்று உள்ளே போனார்கள். களனிவெளிப் பாதையின் சின்ன ரயிலில் ஏறினால் நேரத்துக்குக் கந்தோருக்குப் போய்ச் சேரலாம்.

அந்த முற்றத்தில் ஒரு பப்பாசி, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடியில் ஒரு ரம்பைப் பற்றை. இறைச்சிக்கறிக்கு வேண்டிய பச்சைச் சாமான் வேலிக்குள்ளேயே இருந்தது. தூள் மட்டும் ஊரிலிருந்து வரவேண்டும். 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது அதற்கு வாய்ப்பாகப் போயிற்று. லீவில் ஊருக்குப் போய்வருபவர் பெட்டியில் பால்மாப் பேணி நிறையத் தூள் இல்லாமல் திரும்பமாட்டார்.

அந்தத் தூள் செய்வது ஒரு நாள் வேலை. செத்தல் மிளகாயையும் மல்லியையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறாக வறுக்கவேண்டும். மல்லி பொன்னிறம் தாண்டி மண்ணிறம் பிடிக்கவேண்டும். பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு மூன்றும் மணம் எழும்பியதும் இறங்கவேண்டும். வெந்தயம் கறுத்தால் கறியே கைக்கும் என்பதால் அதை வறுக்கும்போது யாரும் கதைகேட்டு வரமுடியாது. மஞ்சளும் கறிவேப்பிலையும் கடைசியில். பிறகு உரல், உலக்கை, அரிதட்டு. பக்கத்துச் சிங்கள வீட்டில் துனபஹ என்ற சரக்குத்தூள் வேறு, மிளகாய்த்தூள் வேறு. கறிக்கேற்பக் கூட்டிக் குறைத்துப் போடுவார்கள். யாழ்ப்பாணத்தார் தூளில் மிளகாயும் சரக்கும் ஒன்றாகவே கிடக்கும். ஆகவே உறைப்பைக் குறைத்தால் வாசமும் குறையும். உறைப்பான கறி யாழ்ப்பாணத்தாருக்குப் பழகிப்போனதில் இந்தச் சேர்மானத்துக்கும் பங்குண்டு.

1970களின் முற்பகுதியில் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. வடக்கில் மிளகாயும் வெங்காயமும் செய்த தோட்டக்காரருக்கு அது நல்ல காலம். கொழும்பில் செத்தல் மிளகாய் விலை கேட்டாலே கண் எரிந்தது. ஊரில் தோட்டம் உள்ளவர் வீட்டுக் கறிதான் அப்போது சிவப்பாயிருந்தது. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு மிளகாய் மூட்டை மூட்டையாக வந்திறங்க, கொழும்புச் சமையலறைகள் மூச்சுவிட்டன. தோட்டக்காரர் பாடு திண்டாட்டமானது.

இறாத்தலும் கிழமையும்

அன்று இறைச்சி இறாத்தல் கணக்கு. விடியப் பையோடு போகவேண்டும். வெயில் ஏறிப் போனால் கழுத்தும் சவ்வும்தான் மிஞ்சும். கொழும்பில் ஆட்டிறைச்சிக்கடை அன்றும் இன்றும் பெரும்பாலும் முஸ்லிம்கள் கையில். இரு பக்கமும் தமிழ் என்பதால் பேரமும் சண்டையும் சமாதானமும் ஒரே மூச்சில் நடக்கும்.

“நானா, போன கிழமை தந்தது அவியவேயில்லை. இண்டைக்கு இளங்கிடாயாப் பாத்துத் தாங்கோ.”

“டீச்சருக்கு நான் முத்தல் தருவேனா? இது நல்ல பிஞ்சு. நெஞ்சுப் பக்கம் வெட்டட்டுமா?”

“நெஞ்சில பாதி, தொடையில பாதி. ஈரல் ஒரு துண்டு போடுங்கோ, பிள்ளைக்கு.”

இந்த மூன்று வரிக்குள் ஒரு சமையல் பாடமே இருந்தது. நெஞ்செலும்பின் குருத்தும் கொழுப்பும் குழம்புக்குத் தடிப்பைக் கொடுக்கும். தொடை, வாய்க்குத் தட்டுப்படச் சதை கொடுக்கும். இரண்டையும் கலந்து வாங்கினால்தான் கறி கறியாகும். இளங்கிடாயின் சதை வெளிறிய சிவப்பு, கொழுப்பு வெள்ளை. முத்தலின் சதை கறுத்திருக்கும், கொழுப்பு மஞ்சள் தட்டும். இதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. கடைக்குக் கூட்டிப்போன பிள்ளை பார்த்துப் பழகிக்கொண்டது.

எந்தக் கிழமை என்பதும் பெரிய விசயம். செவ்வாய், வெள்ளி மச்சம் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கந்தசஷ்டியின் ஆறு நாளும் சட்டியே தனியாக ஒதுங்கிவிடும். போயாவில் இறைச்சிக்கடை பூட்டு. அதனால்தான் ஞாயிறு. ஆனால் 1966இல் அந்த ஞாயிற்றுக்கே ஆபத்து வந்தது. அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, போயாவையும் அதற்கு முந்திய நாளையும் வாராந்த லீவாக்கியது. போயா சந்திரனைப் பார்த்து வருவது; ஒரு வாரம் செவ்வாயில் விழும், இன்னொரு வாரம் வெள்ளியில். வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் நாளில் மச்சம் ஆகாது, மச்சம் ஆகும் நாளில் ஆட்கள் கந்தோரில் என்று ஆனது. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தபோது அதை வரவேற்றவர்களில் சமையற்கட்டும் ஒன்று.

ஓர் ஆடு, பல கறி

ஊரில் தீபாவளிக்கு இறைச்சி கடையில் வாங்குவது குறைவு. அயலட்டையில் பல வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயைப் பேசி வாங்கி, வெட்டி, பங்கு போடுவார்கள். ஒவ்வொரு கும்பியிலும் சதை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழவேண்டும். அதில் வஞ்சகம் நடந்தால் அடுத்த வருசம் வரைக்கும் கதை ஓடும். பனையோலையில் பொதிந்து வீட்டுக்கு வரும் அந்தப் பங்கில் ஆட்டின் எல்லாப் பாகமும் இருந்ததால் எல்லாப் பாகத்துக்கும் ஒரு சமையல் இருந்தது. ஈரலை மிளகு போட்டுப் பிரட்டினார்கள். எலும்பை மல்லி, மிளகு, உள்ளி தட்டிப்போட்டு ரசமாக்கினார்கள். குடலைச் சுடுதண்ணீரில் கழுவிக் கறிவைத்தார்கள். இரத்தத்தை வெங்காயம், செத்தல், தேங்காய்ப்பூ போட்டு வறையாக்கினார்கள்.

கொழும்புக்கு இதில் பாதிதான் வந்து சேர்ந்தது. இரத்தம் முஸ்லிம்களுக்கு விலக்கு. ஆகவே கடையில் கிடைக்காது, இரத்த வறையும் ஊரோடு நின்றுவிட்டது. பதிலுக்குக் கொழும்பு வேறு சிலவற்றைக் கற்றுக்கொடுத்தது. கொம்பனித்தெரு மலாய்க்காரர் குடலைத் தேங்காய்ப்பாலில் மெத்தென்று அவித்துப் பாபத் என்று பிட்டோடு சாப்பிடுவதைப் பார்த்து, குடல் என்றால் முகம் சுளித்த தமிழர் சிலரும் வழிக்கு வந்தார்கள். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மட்டன் ரோல்ஸ் வீட்டுக்குள் வந்தது. ஞாயிறு மிஞ்சிய சதையை உதிர்த்து, அவித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, மெல்லிய மாத்தோசைக்குள் சுற்றி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் உருட்டிப் பொரித்தால் திங்கட்கிழமைப் பள்ளிக்கூடச் சாப்பாடு முடிந்தது.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீடுகளில் மிஞ்சிய கறியை இரவு ஒருமுறை கொதிக்கவைத்து, காலையில் சுண்டவைப்பார்கள். பால் வற்றி எண்ணெய் பிரிந்து சட்டியடியில் ஒட்டிக்கிடக்கும் அந்தக் கறிக்குள் சோற்றைக் கொட்டிப் பிரட்டி உருண்டையாக்கிக் கையில் வைப்பார் அம்மம்மா. முதல்நாள் கறியைவிட அதற்குத்தான் அடிபிடி.

மண்சட்டியும் விசிலும்

கறிவைக்கும் முறையைக் கிட்ட நின்று பார்ப்போம். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் பெருஞ்சீரகம், கறுவா, ஏலக்காய், கராம்பு. பிறகு வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை. வெங்காயம் நிறம் மாறியதும் அம்மியில் அரைத்த இஞ்சியும் உள்ளியும். பச்சைவாசம் போனதும் இறைச்சி, மஞ்சள், உப்பு. இங்கே அவசரப்படக்கூடாது. இறைச்சி தன் தண்ணீரை விட்டு, அந்தத் தண்ணீர் திரும்ப வற்றி, துண்டுகள் சட்டியில் ஒட்டத் தொடங்கும்போதுதான் தூள் போடவேண்டும். தூள் எண்ணெயில் ஒரு நிமிசம் புரண்டதும் இரண்டாம் பாலை ஊற்றி மூடி, விறகை இழுத்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் விடவேண்டும். முதற்பால் இறக்குவதற்குச் சற்று முன்பு. முன்னதாக ஊற்றினால் திரைந்துபோகும். கடைசியில் வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகமும் மிளகும் தூவி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி.

முத்தலாய் மாட்டிக்கொண்டால் முற்றத்துப் பப்பாசிக்காயில் ஒரு துண்டைச் சுரண்டிப் பிரட்டி அரை மணித்தியாலம் வைப்பார்கள். காயின் பாலில் உள்ள பப்பெயின் என்ற நொதியம் சதையின் புரதத்தை அறுத்துவிடும். கூட நேரம் வைத்தால் இறைச்சி கூழாகும்.

இந்தியப் பிரஷர் குக்கர் வந்தபிறகு ஒன்றரை மணித்தியாலம் இருபது, இருபத்தைந்து நிமிசமானது. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டின் தசைநார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் சூட்டில் கரைந்து ஜெலற்றினாக மாறினால்தான் இறைச்சி மெதுமையாகும். சட்டியில் கொதிநிலை 100 பாகை செல்சியஸ். குக்கருக்குள் அழுத்தத்தால் அது 120 அளவுக்கு ஏறுகிறது. வேலை விரைவாக முடிகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றில் ஒரு மணித்தியாலத்தை மிச்சம்பிடித்துக் கொடுத்த பாத்திரம் அது.

பிழை எங்கே நடக்கிறதென்றால், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடுவதில். மூடிய குக்கருக்குள் தண்ணீர் வற்றாது, இறைச்சி சிவக்காது, தூள் எண்ணெயில் புரளாது. வெளியே வருவது அவித்த இறைச்சியும் அதன்மேல் மிதக்கும் சிவப்புத் தண்ணீரும். இதற்குப் பரிகாரம் எளிது. மூடுமுன் இறைச்சியைத் தண்ணீர் வற்றப் பிரட்டித் தூளை வதக்குங்கள். விசில் அடங்கித் திறந்தபின் கால் மணித்தியாலம் மூடாமல் கொதிக்கவிட்டு, அதன்பிறகு முதற்பால். மண்சட்டிக் கறிக்கும் குக்கர் கறிக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி இந்த இரண்டு வேலையில் மறைந்துவிடும்.

முற்றம் போனது, மில் வந்தது

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது நுகேகொடையும் தப்பவில்லை. பலர் திரும்பி வரவேயில்லை. வந்தவர்களிலும் பலர் தமிழர் செறிந்த வெள்ளவத்தைக்கு மாறினார்கள். வெள்ளவத்தையில் மாடிக்குமேல் மாடியாக எழுந்த ஃப்ளாட்டுகளில் உரலுக்கும் விறகடுப்புக்கும் இடமில்லை. இறைச்சி வறுபடும் மணம் மேல்வீட்டு ஐயருக்குப் போய்ச்சேருமே என்று சன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கவேண்டி வந்தது.

1990இல் போரால் யாழ்தேவி யாழ்ப்பாணம் போவது நின்றது. பாதையும் மூடப்பட்டது. ஊர்த்தூள் வரும் வழி அடைபட்டபோது, இடம்பெயர்ந்து வந்தவர்களை நம்பி, வறுத்துத் திரித்துத் தரும் மில்களும் தூள் விற்கும் கடைகளும் வெள்ளவத்தையில் பெருகின. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது தூள் பஸ்ஸில் வந்தது. 2006இல் பாதை மூடியது, 2009இல் திறந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போனது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை தூளைக் கடையில் வாங்கப் பழகிவிட்டது. பக்கற் தூளில் மல்லி கூடுதல், வறுப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறார்கள்.

கப்பல் ஏறியவர்களுக்கு வேறு பிரச்சினை. இலங்கையில் மட்டன் என்று விற்பது பெரும்பாலும் வெள்ளாடு. லண்டனிலும் மெல்பேர்னிலும் எளிதாகக் கிடைத்தது செம்மறிக் குட்டி. கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெய்ன் சொலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூல், இலங்கைச் சமையலை அந்த ஊர் அடுப்புகளுக்குக் கொண்டுபோனது. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் மட்டன் ரோல்ஸ் இன்று தமிழரின் அடையாளப் பலகாரம்.

இறக்குமதி லாம்பை என்ன செய்வது?

அந்தச் செம்மறிக் குட்டி இப்போது நம்மூருக்கும் வந்துவிட்டது. 1983இல்தான் கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் தன் முதல் ஃபுட் சிட்டியைத் திறந்தது. இன்று நுகேகொடைச் சந்தியைச் சுற்றிச் சுப்பர்மார்க்கெட்டுகள். குளிர்ப்பெட்டிகளில் நியூசிலாந்து, அவுஸ்திரேலியா லாம்ப். யூடியூப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒரு வாரம் செட்டிநாட்டுச் சுக்கா, மறுவாரம் அரபு மந்தி, இன்னொரு வாரம் லாம்ப் சொப்ஸ் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் வெள்ளாட்டுக்கான கணக்கை அப்படியே லாம்புக்குப் போட்டால் பிழைக்கும்.

வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவு. அதனால்தான் தேங்காய்ப்பால் தேவைப்பட்டது. லாம்பில் கொழுப்புக் கூடுதல், அது ஆறியதும் உதட்டில் உறையும். ஆகவே வெளிக்கொழுப்பை வெட்டியெறிந்து, பாலைப் பாதியாகக் குறைத்து, மிளகையும் தேசிக்காயையும் கூட்டவேண்டும். குட்டி இறைச்சி என்பதால் கறிக்கு முக்கால் மணித்தியாலம் போதும். பப்பாசிக்காய் வேண்டவே வேண்டாம். உறைந்த இறைச்சியைக் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து இளகவிடுங்கள். வெளியில் வைத்தால் மேற்பக்கம் பழுதாகும்.

சொப்ஸ் என்றால், தயிர், இஞ்சி, உள்ளி, ஊர்த்தூள், உப்புப் பிரட்டி இரண்டு மணித்தியாலம் வைத்து, நன்றாகச் சூடேறிய இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிசம். முன்சப்பை என்றால், அதே கூட்டைப் பூசி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 160 பாகை அவணில் மூன்றரை மணித்தியாலம். முள்ளுக்கரண்டியால் தொட்டால் சதை கழன்றுவிழும். அதைப் பாணோடும் சாப்பிடலாம், பிட்டோடும் சாப்பிடலாம். சீனிச் சம்பல் பக்கத்தில் இருந்தால் இன்னும் விசேசம்.

காஸ் இல்லாத மாதங்கள்

பழைய முறையெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தபோது 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. 2021 ஒக்டோபரில் 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிற்றோ சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. மார்ச் 31 இரவு சனங்கள் பொறுமையிழந்து அன்றைய ஜனாதிபதியின் வீட்டை முற்றுகையிட்டார்கள். அந்த வீடு இருந்த மிரிஹானை, நுகேகொடையின் ஓர் அங்கம்தான்.

அந்த மாதங்களில் நுகேகொடையில் பின்வளவு உள்ள வீடுகள் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டின. அடுக்குமாடிக்காரர் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றார்கள். ஒன்றரை மணித்தியாலம் இறைச்சி அவிப்பது என்பது அன்று நினைத்துப்பார்க்க முடியாத ஆடம்பரம். ஆனால் விறகடுப்பில் தாக்குப்பிடித்தவர்கள் யாரென்று பார்த்தால், எழுபது வயதைத் தாண்டிய மாமிமார்தான். எந்த விறகு நின்றெரியும், எப்போது கொள்ளியை இழுக்கவேண்டும், தணலில் எவ்வளவு நேரம் விடலாம் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

கணக்கு

உரல் போனதில் எனக்குக் கவலையில்லை. மில்லில் திரித்தாலும் கிறைண்டரில் அரைத்தாலும் வறுப்பது நாமாக இருந்தால் போதும். மண்சட்டியும் கட்டாயமில்லை. தேங்காய்ப் பால்மாவும் அவசரத்துக்கு ஆகும். விடக்கூடாதது ஆட்டை அறிந்து வாங்கும் அறிவு. பெட்டியில் அடைத்த எலும்பில்லாச் சதையையே வாங்கிப் பழகிய பிள்ளைக்கு நெஞ்சு எது, சப்பை எது, ஈரல் எப்படி இருக்கவேண்டும் என்று தெரியாது. இந்த விலையில் அந்த அறியாமை வீட்டுக்கு நட்டம். எலும்போடு அரைக் கிலோ வாங்கி, கூடவே ரசத்துக்கு எலும்பு கேட்டு வாங்கினால் நாலு பேருக்கு ஒரு கறியும் ஒரு ரசமும் ஆகும். எலும்பில்லாத அரைக் கிலோவில் ஒரு பிரட்டல் மட்டும்தான்.

அடுத்த முறை இறைச்சி வாங்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். நானாவின் கடைக்கே போய், பிள்ளையையும் கூட்டிப்போங்கள். முந்தின வாரமே ஒரு சின்னப் போத்தலுக்குத் தூளை வீட்டில் வறுத்து வையுங்கள். அரை நாள் வேலை, இரண்டு மாதத்துக்குக் காணும். குக்கரைத் திறந்தபின் கால் மணித்தியாலம் பொறுங்கள். மிச்சத்தைக் காலம் எப்படியும் மாற்றிக்கொள்ளட்டும்.